கண் மைதானத்தில், கை பலகையில்: ஒரு சீசன் ஓடிய ஆர்கேட் பொத்தான் செட்

2025 ஜனவரி 4, சனிக்கிழமை மதியம் நாங்கள் கலந்துகொள்ளும் பள்ளி ரோபோ போட்டியின் அந்த வருடத்து ஆட்டம் வெளியானது. ஞாயிறு ராத்திரி என் மகள் இணையத்தில் ஒரு ஆர்கேட் பொத்தான் செட்டை ஆர்டர் போட்டுவிட்டு, "அப்பா, 38 டாலர். டீம் கணக்கில எழுதிக்கோங்க" என்றாள். இரண்டு பேர் விளையாடும் ஆர்கேட் பெட்டி செய்வதற்கான செட் அது. 30 மில்லிமீட்டர் பொத்தான் 20, ஜாய்ஸ்டிக் 2, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் யூஎஸ்பி என்கோடர் பலகை 2, தேவையான ஒயர்கள். ஜாய்ஸ்டிக் இரண்டையும் நாங்கள் தொடவே இல்லை. பொத்தான்களும் ஒயர்களும் ஒரு சீசன் முழுக்க எங்கள் ரோபோவின் கட்டுப்பாட்டு மேடையில் அடி வாங்கின. அடுத்த சீசனுக்கு இப்படி ஒன்று செய்ய நினைக்கும் டீம்களுக்கும், என்னைப் போல அதில் மாட்டிக்கொண்ட பெற்றோருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சின்ன அறிமுகம். எஃப்.ஆர்.சி. என்கிற ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டி 1992-இல் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஜனவரியில் ஆட்டத்தின் விதிகளைத் தெரிந்துகொண்டு, சில வாரங்களில் 115 பவுண்டு வரை எடையுள்ள ரோபோவைச் செய்து போட்டிக்குக் கொண்டு போக வேண்டும். பேட்டரியும் பம்பரும் அந்த எடையில் சேராது. நாங்கள் இருக்கும் மிச்சிகனில் இது பெரிய விஷயம். மாவட்டப் போட்டிகள் பள்ளிக்கூட ஜிம்களில்தான் நடக்கும்; ஒவ்வொன்றிலும் 12 தகுதி ஆட்டம் கிடைக்கும். மூன்று மூன்று டீமாகக் கூட்டணி சேர்ந்து, சிவப்பு அணி, நீல அணி என்று மோதும். 2025-இல் ஒரு ஆட்டம் இரண்டரை நிமிடம். முதல் 15 வினாடி ரோபோ தானாக ஓடியது. அப்புறம் 2 நிமிடம் 15 வினாடி பிள்ளைகள் ஓட்டினார்கள். ஓட்டும் பிள்ளைகள் மைதானத்தின் கோடியில் உள்ள சுவருக்குப் பின்னால் நிற்பார்கள். இடுப்பு உயரம் வரை உலோகத் தகடு, அதற்கு மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அந்தச் சுவரில், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு தட்டு இருக்கும். லேப்டாப்பும் கன்ட்ரோலர்களும் அங்கேதான் உட்கார வேண்டும்.

அந்தத் தட்டில் வைக்கும் மேடையைத்தான் நாங்கள் செய்தோம். விதிப்படி 60 அங்குல நீளம், 14 அங்குல அகலத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் தட்டின் ஆழமே சுமார் 12 அங்குலம்தான். 14 வரை அனுமதி இருக்கிறதே என்று முழுசாகப் பயன்படுத்தினால், விளிம்பு ஓட்டுபவரின் வயிற்றில் முட்டும். எங்களுடையதை 36-க்கு 12 என்று முடித்தோம். தள்ளுவண்டியில் குறுக்கே வைத்தால் கதவு நிலையில் இடிக்காத நீளம் அது. அதுவும் முக்கியம்.

எதற்கு இத்தனை பொத்தான்? அந்த வருடத்து ஆட்டம் ரீஃப்ஸ்கேப். மைதானத்தில் ஒவ்வொரு அணிப் பக்கத்துக்கும் ஒரு அறுகோணப் பவளத்திட்டு. ஆறு முகம், முகத்துக்கு இரண்டு கம்பம், ஆக 12 கம்பம். ஒவ்வொரு கம்பத்திலும் மூன்று உயரத்தில் கிளைகள், அடியில் ஒரு தொட்டி, ஆக நாலு மட்டம். ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான பிவிசி குழாய்த் துண்டுகளை ரோபோ இவற்றில் செருக வேண்டும். ஒவ்வொரு முகத்திலும் ஒட்டியிருக்கும் ஏப்ரல்டேக் என்கிற கறுப்பு வெள்ளைக் குறியீட்டுச் சதுரத்தைக் கேமரா பார்த்து ரோபோ தானே நேராகிக்கொள்ளும்படி பிள்ளைகள் நிரல் எழுதிவிட்டார்கள். எந்தக் கம்பம், எந்த மட்டம் என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சாதாரண கேம்பேடில் அதைச் சொல்ல ஏ பொத்தானோடு இடது பம்பர் விசை, பி பொத்தானோடு வலது பம்பர் விசை என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். 12 பொத்தானை அறுகோணமாக அடுக்கி, பக்கத்தில் நாலு மட்டத்தை நெடுக்காக வைத்தால் மனப்பாடமே வேண்டாம். கூடவே ஆல்கே பந்தை எடுக்க ஒன்று, எல்லாவற்றையும் ரத்து செய்ய ஒன்று. மொத்தம் 18.

செட் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் செய்த ஒரு வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சீசனிலேயே மிக நல்ல வேலை அதுதான். பீட்சா பெட்டியின் அட்டையில் தண்ணீர் பாட்டில் மூடிகளை ஒட்டி ஒரு பொய் மேடை செய்தார்கள். பாட்டில் மூடி கிட்டத்தட்ட 30 மில்லிமீட்டர்தான்; பொத்தானுக்கு அசல் பதிலாள். ஜிம்மில் தரையில் டேப்பால் அறுகோணம் போட்டு, நாலு நாற்காலியை அடுக்கி அதன் மேல் அட்டையை வைத்து, ஆட்டத்தில் பொத்தான்களை அழுத்தப்போகும் ஆபரேட்டர் பையனை நிற்க வைத்தார்கள். ஒருத்தி போய் அறுகோணத்தின் ஏதாவது ஒரு முகத்தில் நிற்பாள். அவன் கீழே பார்க்காமல் அந்த முகத்தின் மூடியைத் தொட வேண்டும்.

முதல் பத்தில் நாலுதான் சரியாக வந்தது. பையனுக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று நான் நினைத்தேன். காரணத்தைக் கண்டுபிடித்தது என் மகள். விதிப்புத்தகத்தின் படத்தில் மைதானம் படுக்கை வாட்டில் இருக்கும், அணியின் சுவர் இடது பக்கம் வரும். அதைப் பார்த்து வரைந்ததால் எங்கள் அட்டையிலும் சுவர்ப் பக்கத்து முகம் இடது பக்கம் இருந்தது. ஆனால் ஆட்டத்தில் நிற்பவனுக்கு அந்த முகம் நேர் எதிரே, கிட்டே. அறுகோணத்தைக் கால் வட்டம் திருப்பி, நமக்குக் கிட்டே இருக்கும் முகத்தைப் பலகையில் நம் வயிற்றுப் பக்கம் கொண்டு வந்தார்கள். அதே பையன், அதே மூடிகள், பத்துக்கு ஒன்பது. இன்னொரு நல்ல விஷயம், அந்த மைதானம் சுழற்சிச் சமச்சீர் கொண்டது. சிவப்பு அணியில் நின்றாலும் நீல அணியில் நின்றாலும் பலகையை மாற்ற வேண்டியதில்லை.

நான் அமெரிக்கா வருவதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். அங்கே மெஷின் ஓட்டுகிற அக்காக்கள் பேனலைப் பார்த்து நான் பார்த்ததில்லை. கண் நூலில் இருக்கும், கை தானாகப் பொத்தானுக்குப் போகும். நிறுத்தும் பொத்தான் காளான் மாதிரி பெரிதாக, சிவப்பாக, மற்றதிலிருந்து தள்ளி இருக்கும். அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதனால்தான் ரத்துப் பொத்தானை மட்டும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் நாலு விரல் தள்ளி, வலது மூலையில் வைத்தோம்.

சரி, செட்டுக்கு வருகிறேன்.

பொத்தான்கள் நன்றாக இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். உள்ளே மைக்ரோசுவிட்ச் இருக்கிறது. அழுத்தும்போது ஒரு சின்ன 'டிக்' விரலில் தெரியும். ஜிம்மில் பாட்டும் கூச்சலும் சேர்ந்து காதுக்கு எதுவும் கேட்காது. அந்த 'டிக்' ஒன்றுதான் "அழுத்தியாச்சு" என்று பையனுக்குச் சொல்கிறது. தொடுதிரையில் இதே அறுகோணத்தை வரைந்து பார்த்த டீம்களும் உண்டு. திரையில் விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும், அதனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இந்தப் பொத்தான்களை ஆயிரக்கணக்கான தடவை அழுத்தியிருப்பார்கள். 18-இல் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆனால் வாங்கும் முன், பொத்தானைப் பொருத்தப்போகும் பலகையின் கனத்தைப் பாருங்கள். இந்தச் செட்டில் வந்தவை உள்ளே தள்ளினால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும் வகை. பக்கவாட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். மெல்லிய தகட்டுக்கு அது சரி. நாங்கள் கால் அங்குல பிளைவுட்டில் லேசரில் துளை போட்டோம். நாக்கு மரத்தின் அடிப்பக்கம் வரை எட்டவே இல்லை. பார்க்கும்போது உட்கார்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஒயரை இழுத்தால் பொத்தான் எழும்பி வெளியே வந்துவிடும். மரப்பலகை என்றால் அடியில் நட் போட்டு முறுக்கும் வகையை வாங்குங்கள். நாங்கள் மேல்தட்டை 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டுக்கு மாற்றினோம். அதை லேசரில் வெட்டினால் கருகிப் பழுப்பாகிவிடும், அதனால் 18 துளையும் படி டிரில்லில் கையால் போட்டது. ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போனது. அக்ரிலிக்கில் போட்டிருந்தால் லேசரில் பத்து நிமிடம், ஆனால் துளைக்குத் துளை இடைவெளி கம்மியாக இருந்ததால் விரிசல் விடும் என்று பயந்தோம்.

ஒயர் முனையில் வரும் கவ்விகளும் கொஞ்சம் தளர்ச்சி. புதுசாகச் செருகும்போதே ஆடியது. மூக்கு பிளையரால் ஒவ்வொன்றையும் லேசாக நெருக்கிவிட்டுச் செருகினால் அப்புறம் கழலாது. 18 பொத்தான், பொத்தானுக்கு இரண்டு கவ்வி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தோம், பொறுமையாகச் செய்தார்கள்.

எனக்கு மனத்தாங்கல் என்கோடர் பலகையில்தான். ஒரு பலகை 12 பொத்தானுக்கு மேல் வசதியாக எடுக்காது என்பதால் இரண்டையும் மாட்டினோம். விண்டோஸில் இரண்டும் ஒரே பெயரில் வந்து நின்றன. லேப்டாப்பிலிருந்து ரோபோவை இயக்கும் டிரைவர் ஸ்டேஷன் மென்பொருளின் யூஎஸ்பி பக்கத்தில் 0 முதல் 5 வரை ஆறு இடம் உண்டு. எந்தக் கருவி எந்த எண்ணில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் நிரல் படிக்கும். லேப்டாப்பை மூடித் திறந்தால் எங்கள் இரண்டு பலகையும் சில தடவை இடம் மாறி உட்கார்ந்தன. மாறினால் மூன்றாவது மட்டத்தை அழுத்தும்போது ரோபோ மூன்றாவது கம்பத்துக்குக் கிளம்பும். பயிற்சியில் ஒரு நாள் அப்படிக் கிளம்பி, ரோபோவின் லிஃப்ட் ஒரு மேசையை இடித்தது. யாரும் பக்கத்தில் இல்லை. அன்றைக்கே இரண்டு பலகையையும் கழற்றிவிட்டோம்.

அதற்குப் பதில் ஒரே ஒரு ப்ரோ மைக்ரோ. விரல் நீளச் சின்ன ஆர்டுயினோ வகைப் பலகை. தன்னை ஜாய்ஸ்டிக் என்று கணினிக்குச் சொல்லிக்கொள்ளத் தெரிந்த சிப் அதில் இருக்கிறது. 18 முனை உண்டு. எங்களுக்கும் சரியாக 18 பொத்தான். பொத்தானின் ஒரு காலை முனைக்கும், மறு காலைப் பொது தரைக்கும் சால்டர் வைத்தால் முடிந்தது. நிரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரோபோ பக்கத்தில் பொத்தான் எண் 1-இலிருந்து தொடங்கும், ஆர்டுயினோ பக்கத்தில் 0-இலிருந்து. எங்கள் ஆட்கள் ஒரு மணி நேரம் இதில் தொலைந்தார்கள். அந்தப் பலகையின் மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட் பலவீனம். வெறும் சால்டர்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேபிளை ஒரு தடவை பக்கவாட்டில் இழுத்தால் சாக்கெட்டே பெயர்ந்து வந்துவிடும். எங்களுக்கு ஒன்று பெயர்ந்தது. இரண்டாவதில் கேபிளை மேடைக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றி, இரண்டு கேபிள் டை போட்டு மரத்தோடு கட்டி, சாக்கெட் மேல் சூட்டுப் பசை வைத்தோம். சீசன் முடியும் வரை அசையவில்லை.

கன்ட்ரோலரைப் பற்றி நீட்ட மாட்டேன். ஓட்டுவதற்கு ஒயர் போட்ட எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், திருப்தி. புளூடூத் விதிப்படி கூடாது. எல்லாவற்றையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருக நினைப்பவர்கள், தனி மின்சாரம் இல்லாத ஹப்பை நம்ப வேண்டாம். நாங்கள் வாங்கிய மலிவான ஒன்று பயிற்சியில் மூன்று தடவை எல்லாக் கருவியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது. இப்போது பொத்தான் மேடைக்கு ஒரு போர்ட், கன்ட்ரோலருக்கு ஒரு போர்ட், நேராக லேப்டாப்பில். ஆட்டத்துக்கு நடுவில் ஏதாவது கழன்றால் எஃப்1 விசையை அழுத்தினால் மென்பொருள் மறுபடி தேடும். அந்த எஃப்1 மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்.

இனி, முதல் போட்டிக்கு முன் மற்ற டீம்களோடு சேர்ந்து விளையாடிய பயிற்சி ஆட்டங்களில் நடந்தவை. ஏழாவது ஆட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தானாக ஓடும் 15 வினாடியில் பிள்ளைகள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், கன்ட்ரோலரைக் கையில் வைத்திருக்கக் கூடாது. அப்படியானால் கன்ட்ரோலர் எங்கே இருக்கும்? மேடையில் அதற்கென்று ஓர் இடம் நாங்கள் விடவே இல்லை. பொத்தானுக்குப் பத்து நாள் யோசித்தோம், இதற்குப் பத்து நிமிடம் யோசிக்கவில்லை. டிரைவர் பெண் லேப்டாப்பின் மணிக்கட்டு வைக்கும் இடத்தில் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். எதிரணி ரோபோ ஒன்று எங்கள் சுவரில் வேகமாக வந்து இடித்தது. தட்டு அதிர்ந்தது. கன்ட்ரோலர் நழுவி, அதன் ஒரு கைப்பிடி ஸ்பேஸ் பார் மேல் விழுந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: டிரைவர் ஸ்டேஷன் மென்பொருளில், போட்டி மைதானத்தின் கணினி அமைப்போடு இணையாத பயிற்சி நேரங்களில், ஸ்பேஸ் பார்தான் அவசர நிறுத்தம். திரையில் வேறு ஜன்னல் திறந்திருந்தாலும் அது வேலை செய்யும். ஒரு தடவை அழுத்திவிட்டால் ரோபோவின் கணினியை மறுபடி துவக்காமல் அது அசையாது. மீதி இரண்டு நிமிடத்துக்கு மேல் எங்கள் ரோபோ மைதானத்தின் நடுவில் மரம் போல நின்றது. டிரைவர் பெண் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டணியில் இருந்த மற்ற இரண்டு டீம்களும் எதுவும் குறை சொல்லவில்லை. வெளியே வந்து அவள் அழுதாள். தப்பு மேடையை வடிவமைத்த எங்கள் எல்லாருடையதும் என்று அவளிடம் சொன்னேன். அதை மனசார நம்பித்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலமே ஒரு தொட்டில் செய்தோம். பிளைவுட் துண்டில் கன்ட்ரோலரின் உருவத்தை வெட்டி, உள்ளே கறுப்பு ஃபோம் ஒட்டி, மேடையின் இடது கோடியில் திருகியது. லேப்டாப் வலது கோடிக்குப் போனது, நடுவில் இரண்டு அங்குல உயரத்தில் ஒரு வேலி. விசைப்பலகையை முழுசாக மூடிவிடலாம் என்று ஒரு பையன் கேட்டான். நான் சம்மதிக்கவில்லை. பயிற்சியின்போது மைதானத்துச் சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தான் நம்மிடம் கிடையாது. ரோபோவை அவசரமாக நிறுத்த ஸ்பேஸ் பார்தான் கைவசம் இருக்கும் வழி. அது திறந்தே இருக்க வேண்டும், தற்செயலாக எதுவும் அதன் மேல் விழக்கூடாது. வேலி அந்த இரண்டையும் செய்கிறது. லேப்டாப்பை வலது கோடிக்குத் தள்ளியதில் இன்னொரு பலன். டிரைவர் பெண் ஐந்தடிதான். முன்பு திரையின் மேல் விளிம்பு அவள் பார்வையில் மைதானத்தின் கிட்டத்துப் பகுதியை மறைத்துக்கொண்டிருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லாமல் எட்டிப் பார்த்தே ஓட்டியிருக்கிறாள். நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது மாவட்டப் போட்டியில் 12 தகுதி ஆட்டத்திலும் மேடையால் ஒரு வினாடி போகவில்லை. ஆபரேட்டர் பையன் குனிந்து பார்த்ததை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எந்த முகத்துக்குப் போக வேண்டும் என்று கோச் சொல்லி முடிப்பதற்குள் அவன் விரல் அங்கே இருந்தது.

பொத்தானுக்கு ஐந்துக்கு ஐந்து. ஒயருக்கு மூன்று. என்கோடர் பலகைக்கு, இரண்டு பலகை தேவைப்படும் டீமுக்கு ஒன்றுகூடத் தர முடியாது. 12 பொத்தானுக்குள் முடிகிறவர்களுக்கு ஒரு பலகை தாராளமாகப் போதும், சால்டர் வேலையே இல்லை. 38 டாலருக்கு நான் மறுபடி வாங்குவேன், நட் போட்டு முறுக்கும் பொத்தான் உள்ள செட்டாகப் பார்த்து. பொத்தான்களையே விளக்கு எரிவதாக வாங்க நினைத்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு ஒன்றுக்கு 20 மில்லிஆம்பியர் என்றாலும் 18-க்கு 360 ஆகிறது. யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500.

அப்புறம் வெல்க்ரோ. மைதானத்துத் தட்டின் நடுவில் இரண்டு அங்குல அகலத்தில் வெல்க்ரோ பட்டை ஓடும், மேடை நழுவாமல் ஒட்டிக்கொள்ள. அதில் இருப்பது மெத்தென்ற பக்கம். எங்கள் மேடையின் அடியிலும் மெத்தென்ற பக்கத்தையே ஒட்டிக்கொண்டு போயிருந்தோம். முதல் போட்டியில் மூன்று ஆட்டம் வரை, மேடை ஏன் ஒட்டவில்லை என்று யாருக்கும் புரியவில்லை. கோச் முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். பக்கத்துப் பிட்டில், அதாவது போட்டியில் டீமுக்கு ஒதுக்கும் பழுதுபார்க்கும் இடத்தில், இருந்த ஒரு டீம் தங்கள் ரோலிலிருந்து மூன்றடி வெட்டிக் கொடுத்தது. பேட்டரி வண்டியின் கீழ்த்தட்டில் இப்போது எங்களுக்கே ஒரு முழு ரோல் இருக்கிறது. சொரசொரப்பான பக்கம், இரண்டு அங்குல அகலம். கேட்கிற டீமுக்கு வெட்டிக் கொடுக்க ஒரு கத்தரிக்கோலையும் அதோடு கட்டி வைத்திருக்கிறோம்.